செங்கமலம் ஸ்டோர்ஸில் அடித்த ஆணி

பையை இப்படிக் கொடுங்கள் அக்கா, மடியில் வைத்துக்கொள்கிறேன். சும்மா கொடுங்கள். ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி என்று எவ்வளவு நேரம் தொங்குவீர்கள்? குணசீலம் தாண்டும்வரை இந்த பஸ்ஸில் கூட்டம் குறையாது. நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுவேன், அதனால் எனக்கு எப்போதும் இடம் கிடைத்துவிடும்.

அட, இது செங்கமலம் ஸ்டோர்ஸ் பை அல்லவா!

இந்தப் பையில் வளைவும் தூணும் கடிகாரமுமாக ஒரு கட்டடம் அச்சடித்திருக்கிறார்களே, அது இன்றைக்கும் இடியாமல் இருப்பதற்கு நானும் ஒரு காரணம். பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை அதுதான். படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தீர்களா? ‘வந்தவர் கேட்டதை மறுக்கலாகாது.’ அந்த வாசகத்தால் எனக்கு வந்த தலைவலியைச் சொல்கிறேன், கேளுங்கள். வாத்தலையா இறங்குகிறீர்கள்? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. கடை வாட்ச்மேன் அந்தோணி சொல்லிக் கேட்டதுதான். அந்தோணி கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். அதனால் நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே சொல்லிவிடுகிறேன். என் வேலை அப்படி.

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற நம் ஊரில் ஒரு குழு இருக்கிறது. ரிட்டயர்ட் ஆன பேராசிரியர் ஒருவர் தலைவர். டாக்டர், வக்கீல் என்று எல்லோரும் பெரிய மனிதர்கள். அவர்களுக்காகக் கட்டடங்களைப் பார்த்து, அளந்து, அறிக்கை எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. எம்.ஏ. வரலாறு படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா ரைஸ் மில்லில் நெல் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தவள். “நீயாவது உட்கார்ந்து பாக்கிற வேலைக்குப் போயிடுடா கண்ணு” என்பாள். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. உட்கார்ந்துதான் பார்க்கிறேன். ஆனால் ஒப்பந்த வேலை. ஒரு வருடத்தைத் தப்பாக எழுதிவிட்டால்கூட அடுத்த முறை கூப்பிடாமல் போய்விடுவார்கள். அதனால் எதையும் இரண்டு தடவை பார்க்காமல் எழுதமாட்டேன்.

சரி, கடைக்கு வருகிறேன்.

வயிரவன் என்று ஒருவர் தன் அம்மா பேரில் கட்டிய கடை அது. ஜவுளி, பாத்திரம், கடிகாரம், பேனா, பொம்மை, செருப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் அப்படி ஒரு கடை கிடையாது. உள்ளே போனால் நீளநீளமாகத் தேக்குமரக் கவுன்ட்டர்கள். அவற்றுக்கு முன்னால் வளைந்த முதுகு வைத்த நாற்காலிகள். வாங்க வருகிறவர்கள் அவற்றில் உட்கார்ந்தால் பன்னீர் சோடா வரும். இன்றைக்கும் வருகிறது. வாசலுக்கு மேலே, தெருவைப் பார்க்காமல் கடைக்குள்ளே பார்க்கிற பக்கத்தில், சுண்ணாம்பு வேலையில் இந்த வாசகத்தைப் பதித்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர் கண்ணில் அது படாது. விற்கிறவர் தலையை நிமிர்த்தினால் படும். அவர்களுக்காகத்தானே எழுதியது!

அந்தக் கடையை வயிரவனின் பேரன் கதிரேசன் ஒரு பில்டரோடு சேர்ந்து இடிக்கப் பார்த்தார். கண்ணாடியும் எஸ்கலேட்டரும் வைத்து மால் கட்டுகிற திட்டம். கடைக்கு எதிரிலேயே பெரிய தட்டியில் படம் வரைந்து வைத்துவிட்டார்கள். எங்கள் குழு எதிர்த்து மனு கொடுத்தது. அதிகாரி ஒருவர் வந்து கருத்துக் கேட்டு முடிவு செய்வார் என்று ஆனது. அதற்குள் அறிக்கை தயாராக வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். அந்த ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் நான் அந்தக் கடையில்தான் கிடந்தேன்.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கவுன்ட்டருக்குப் பின்னால், விற்கிற பெண்கள் நிற்கிற பக்கத்தில், கீல் வைத்து ஒரு பலகை தொங்கும். தூக்கிக் கொக்கியில் மாட்டினால் ஒரு ஆள் உட்காரலாம். இறக்கிவிட்டால் கவுன்ட்டரோடு ஒட்டிக்கொள்ளும், இடத்தை அடைக்காது. எவ்வளவு அழகான வேலை! ஒவ்வொரு பெண் நிற்கிற இடத்திலும் ஒன்று. ஆனால் ஒன்றையும் தூக்க முடியாது. எல்லாவற்றிலும் ஆணி அடித்திருந்தது.

அந்த ஆணிகளை நான் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தனபாக்கியம் அம்மாவின் குரல் வந்தது. புடவைப் பிரிவில் பெரிய ஆள் அவர். கடையில் சேர்ந்தபோது தாவணி போட்டிருந்தாராம். இப்போது தலை நரைத்துவிட்டது. வாய் மட்டும் நரைக்கவில்லை.

“தம்பி, அங்க என்ன, புதையலா இருக்கு?”

“ஆணிங்கம்மா.”

“ஆணியவா படம் புடிக்கிற? எங்க வீட்டுச் செவுத்துலகூட நாலஞ்சு இருக்கு. ஞாயித்துக்கெழம வா, சோறு போட்டுக் காட்டுறேன்.”

பக்கத்தில் நின்ற சோபியா என்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டேன், கேட்பதுதானே வேலை.

“இத யாரும்மா அடிச்சது? எப்ப அடிச்சது?”

“பெரிய முதலாளி இருந்தவரைக்கும் ஆணியே கெடையாது. ஆளில்லாத நேரத்துல பலகையத் தூக்கி மாட்டி உட்கார்ந்துக்குவோம். ‘ஏம்மா கட்டிப்போட்ட மாடு மாதிரி நிக்கிறீங்க, உட்காருங்க’ன்னு அவரே சத்தம் போடுவாரு. அப்புறம் இவரு வந்தாரு. ஆணி வந்துச்சு.”

“எந்த வருஷம்னு சொல்ல முடியுமா?”

“கடையில நிக்கிறவங்களுக்கு உட்கார எடம் குடுக்கணும்னு சட்டம் போட்டாங்கல்ல? அது வந்த கையோட அடிச்சாங்க.”

நீங்களே சொல்லுங்கள் அக்கா. உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தால் ஆணியைப் பிடுங்குவார்களா, அடிப்பார்களா? எங்கேயாவது பொருந்துகிறதா? அந்த அம்மாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாய்வார்த்தையை வைத்து நான் வருடம் எழுத முடியாது.

“ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?” என்றேன்.

“இந்தா, இதான் ஆதாரம்” என்று அவர் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். நரம்பெல்லாம் சுருண்டு நீலநீலமாகப் புடைத்திருந்ததாம். ‘தாம்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால் நான் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்தவன் நான், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படத்தைக்கூட ஆணியைத்தான் எடுத்தேன்.

ஆணித் தலைகளில் துரு கெட்டியாக ஏறியிருந்தது. விரலால் தேய்த்தால் ஒட்டியது. அவ்வளவு துரு சும்மா ஏறாது என்று யோசித்து, ‘கட்டடத்தின் ஆரம்ப காலத்தைச் சேர்ந்த இரும்பு ஆணிகள்’ என்று எழுதினேன். தினமும் தரையை பினாயில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது அதன்மேலும் தெறிக்கும் என்று சோபியா ஏதோ சொன்னாள். அதைப் பராமரிப்பு என்ற தலைப்பில் சேர்த்தேன்.

அக்கா, அந்தக் கம்பியை இன்னும் கொஞ்சம் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். பாலத்தில் குலுக்கும்.

பிறகு எங்கள் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். “கூட்டத்துல நாம பேசினா, பணக்காரங்க பொழுதுபோகாம பேசுறாங்கன்னு சொல்லிடுவாங்கப்பா. கடையில வேலை பார்க்கிற ஒருத்தர் வந்து, இந்தக் கட்டடத்தை இடிக்காதீங்கன்னு சொல்லணும். மனசுலேருந்து சொல்லணும்.” அவர் ரொம்ப நல்ல மனிதர். அந்தக் கடையின் கடிகாரக் கோபுரத்தைப் பற்றிப் பேசினால் கண் கலங்கிவிடுவார். கடைக்குள் போனீர்களா சார் என்று ஒருமுறை கேட்டேன். “சின்ன வயசுல எங்கம்மா கையப் புடிச்சிட்டுப் போனது. இப்ப எல்லாம் ஆன்லைன்லதான்பா வாங்குறோம்” என்றார்.

நான் நேராகத் தனபாக்கியம் அம்மாவிடம் போனேன். அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? காலமெல்லாம் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். நின்றுகொண்டேதான் குடித்தார். ஒரு காலைத் தூக்கி, மடித்துவைத்த புடவைப் பெட்டிமேல் ஊன்றிக்கொண்டார். உடனே மேலே இருந்த கண்காணிப்புக் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் காலை இறக்கிவிட்டார்.

“கட்டடம் நிக்கணும்னு நான் சொல்லணும். அதானே?”

“ஆமாங்கம்மா. நீங்க சொன்னா எடுபடும்.”

“சொல்றேன். அழுதுக்கிட்டேகூட சொல்றேன். நீ போயி ஒரு கொறடு எடுத்துட்டு வா. ஆணியப் புடுங்கு.”

“அது முடியாதுங்கம்மா. உள்ளது உள்ளபடி இருக்கணும். அதுதான் எங்களுக்கு முதல் விதி. ஒரு ஆணிய எடுத்தாலும் சான்று போயிடும்.”

“எல்லாத்தையும் எடுக்க வேணாம். என் ஒருத்தி பலகையில மட்டும் எடு. மத்ததெல்லாம் சான்றா இருக்கட்டும்.”

“முடியாதும்மா.”

“சரி, ஒரு ஸ்டூல் போடச் சொல்லு.”

“பின்னாடி எடமே இல்லையேம்மா. அதோட, கட்டடத்துல முன்னாடி இல்லாத பொருள புதுசா சேர்க்கக் கூடாது.”

“நானும்தான் கட்டடத்துக்குப் பின்னாடி வந்து சேர்ந்தவ. என்னை மட்டும் உள்ள விட்டு வெச்சிருக்கீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆட்களைக் கட்டடத்தோடு சேர்த்துக் கணக்கில் எடுப்பதில்லை என்று விளக்கமாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வாசல் வழியாகத் தெரிந்த தட்டியைக் கை நீட்டிக் காட்டினார்.

“அந்தப் படத்தப் பாத்தியா தம்பி? ஓரத்துல, கல்லாவுக்குப் பின்னாடி.”

எத்தனையோ முறை பார்த்த படம்தான். எஸ்கலேட்டரும் கண்ணாடி லிப்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தன. அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். ஓரத்தில் ஒரு பெண், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“மூஞ்சி மொகறகூட வரையல. ஆனா உட்கார வெச்சிருக்கான் பாரு.”

“அதெல்லாம் சும்மா கம்ப்யூட்டர்ல போடுறதுங்கம்மா.”

“சும்மாவுக்குக்கூட எங்கள எவனும் உட்கார வெச்சதில்லையே.”

அவர் ஏதோ விளையாட்டாகப் பேசுகிறார், கூட்டத்தில் சரியாகப் பேசிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனிதர்களை நம்புவது என் பலவீனம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு சமுதாயக்கூடத்தில் நடந்தது. நாற்காலி போதவில்லை. குழுவினரும் பில்டர் ஆட்களும் முன்னால் உட்கார்ந்தோம். கடைப் பெண்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். எங்கள் தலைவர் பேசினார். பில்டரின் இன்ஜினியர் பேசினார். கதிரேசன் பேசினார். “எங்க தாத்தா இருந்தா அவரே இடிச்சிருப்பாருங்க. அவரு முன்னேற்றத்த விரும்புனவரு” என்றார். கடைசியாகத் தனபாக்கியம் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

மைக் முன்னால் வந்து நின்றவர், எடுத்த எடுப்பில் அதிகாரியைப் பார்த்து, “ஐயா, உட்கார்ந்து பேசலாங்களா?” என்றார்.

“தாராளமா பேசுங்கம்மா” என்றார் அதிகாரி. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அவர் உட்கார்ந்தார்.  புடவையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு காலையும் நீட்டி, முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். பின்சுவர்ப் பக்கம் லேசாக ஒரு சலசலப்பு. பிறகு ஆரம்பித்தார்.

“ஐயா, அது அழகான கட்டடம்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கும். நான் அதுக்குள்ளாற வேலைக்கு வந்தவ, நிமிந்து பார்க்க நேரமில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பலகையில அடிச்சிருக்கிற ஆணியப் புடுங்கிட்டு, அப்புறம் கட்டடத்த நூறு வருஷம் வெச்சுக்குங்க. ஆணியப் புடுங்க முடியாதுன்னா கட்டடத்த இடிச்சிருங்க. ரெண்டுல எது சுலபமோ அதச் செய்யுங்க.”

கூடமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். எங்கள் தலைவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கமாட்டேன். என் ஒப்பந்தம் அந்தப் பார்வையிலேயே கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். 

“என்ன ஆணி?” என்று அதிகாரி கேட்டார்.

நான் எழுந்தேன். எனக்கு மைக் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு எப்படியோ வந்தது. பலகையும் ஆணியும் சேர்ந்ததுதான் சான்று என்றேன். பலகை மட்டும் இருந்தால் பாதி வரலாறு என்றேன். துருவின் தடிமனைப் பற்றிச் சொன்னேன். இன்றைய வசதிக்காக நேற்றைய தடயத்தை அழித்துவிடக் கூடாது என்று முடித்தேன். முன்வரிசையில் கைதட்டினார்கள். அதிகாரி ஆணியைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

உத்தரவு வந்தது. கட்டடத்தை இடிக்கக் கூடாது. தரைத்தளக் கூடம், கவுன்ட்டர்கள், நாற்காலிகள், வாசகம், பலகைகள், ‘அவற்றில் உள்ள ஆணிகள் உட்பட’ உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். அந்த வரியைப் படித்தபோது என் அம்மாவுக்கு போன் செய்தேன். “என்னமோ ஆணிங்கிறான், நல்லா இருக்கட்டும்” என்று பக்கத்துவீட்டு அத்தையிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

கதிரேசன் முதலில் கத்தினார். ஒரு வாரம் கத்தியிருப்பார். பிறகு என்ன ஆனதோ தெரியவில்லை, அவரைப்போல் பாரம்பரியப் பற்று உள்ளவர் இந்த ஊரிலேயே இல்லை என்று ஆகிவிட்டது. உங்கள் கையில் இருந்ததே இந்தப் பை, அது அப்போது அடித்ததுதான். கடைப் பெண்கள் அவரிடம் போய், தாங்கள் உட்கார ஏதாவது ஏற்பாடு செய்யச் சொன்னார்களாம். உத்தரவைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தாராம், அதைக் காட்டி, “நானாம்மா வேணாங்கிறேன்? ஆணியில கை வெச்சா கவர்மென்ட் என்னை உள்ள தள்ளிடும்” என்றாராம். சட்டத்தை மதிக்கிறவர்.

தனபாக்கியம் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இடிக்கச் சொன்ன ஆளுக்கு அந்தக் கடையில் என்ன வேலை என்பது அவர் கேள்வி. “வீட்டுல போயி நல்லா உட்காரட்டும். அதத்தான கேட்டா?” என்றார் என்னிடம். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இல்லையா? அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

ஏன் அக்கா காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறீர்கள்? ரோடு மோசம்தான்.

இனிமேல் சொல்லப் போவது அந்தோணி சொன்னது.

பொங்கலுக்கு முந்தின வாரம். கடையில் நல்ல கூட்டம். எங்கள் குழுவே வெளியூரிலிருந்து சிலரை அழைத்துவந்து கட்டடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்ததாம். அன்றைக்குப் பார்த்து எனக்குக் காய்ச்சல். மயில்கழுத்துக் கலரில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து ஒரு அம்மா வந்தார். அந்தோணி சல்யூட் வைத்துக் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே போன பிறகுதான் அது தனபாக்கியம் அம்மா என்று அவனுக்கு உறைத்தது.

நேராகப் புடவைப் பிரிவுக்குப் போய், தான் அத்தனை வருடம் நின்ற இடத்துக்கு எதிரில், வாங்க வருகிறவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னீர் சோடா கேட்டார். வந்தது. நிதானமாகக் குடித்தார். கவுன்ட்டருக்குப் பின்னால் சோபியா.

“பொடவ காட்டும்மா.”

சோபியா எடுத்துப் போட்டாள். அவர் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“அங்கருந்து காட்டுனா எனக்குக் கலர் புரியல. இந்தப் பக்கம் வா. பக்கத்துல உட்கார்ந்து காட்டு.”

சோபியா கேமராவைப் பார்த்தாள். நகரவில்லை.

“கூப்பிடுறேன்ல? வா.”

சத்தம் கேட்டுக் கதிரேசன் கல்லாவை விட்டு வந்தார். “என்னம்மா இங்க பிரச்சன?”

“பிரச்சன ஒண்ணுமில்ல முதலாளி. வாங்க வந்திருக்கேன். ஒண்ணு கேட்டேன். மறுக்குறீங்களான்னு சொல்லுங்க, போயிடுறேன்.” சொல்லிவிட்டு, வாசலுக்கு மேலே இருந்த எழுத்தைத் திரும்பி நிமிர்ந்து பார்த்தாராம்.

வெளியூர்க்காரர்களும் அந்த எழுத்தைத்தான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பாத்திரப் பிரிவுக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. கதிரேசனின் முகம் எப்படி இருந்தது என்று அந்தோணி நடித்துக் காட்டுவான், எனக்கு அது வராது.

“போ… போய் உட்காரும்மா” என்றார்.

சோபியா சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, அந்த வளைந்த முதுகு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதாள் என்கிறான் அந்தோணி. அது எனக்கு உறுதியாகத் தெரியாது. தனபாக்கியம் அம்மா ஒரு அலமாரிப் புடவை முழுவதையும் இறக்கச் சொல்லி, மடியில் போட்டு, தடவித் தடவிப் பார்த்தார். நன்றாக இருட்டத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு கைக்குட்டை வாங்கினார். “பில்லு போடு. நாளைக்கு வர்றேன்” என்று கிளம்பினார்.

வந்தார். அடுத்த நாள் அவர் நாத்தனார் வந்தார். பிறகு அவர் தெருவில் இருந்த பெண்கள், அந்தக் கடையில் முன்பு வேலை பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காட்டினால் கலர் புரியவில்லையாம்! எல்லோருக்கும் பக்கத்தில் உட்கார்ந்துதான் காட்ட வேண்டுமாம். இதைப் பார்த்து நிஜமாகவே வாங்க வந்தவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து விரித்துக் காட்டினால் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. வியாபாரம்கூட ஏறியிருக்கிறது என்கிறார்கள். கதிரேசன் சும்மா இருப்பாரா? ‘தாத்தா காலத்து முறைப்படி பக்கத்தில் அமர்ந்து காட்டுகிறோம்’ என்று விளம்பரம் செய்துவிட்டார். அந்தோணியை அனுப்பித் தனபாக்கியம் அம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாராம். “நான் இப்ப வாங்க வர்றவ. வேலைக்கெல்லாம் எனக்கு நேரமில்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். என் நிலைமையை யாரும் யோசிப்பதில்லை. தாத்தா காலத்து முறை என்பதற்கு என்ன ஆதாரம்? விற்கிற பெண்கள் முன்பக்க நாற்காலியில் உட்கார்ந்ததாக எங்கேயும் பதிவே இல்லை. நாளைக்கு யாராவது இதை வரலாறு என்று எழுதிவிட்டால் கேள்வி என்னிடம்தான் வரும். அதுமட்டுமா? அந்த நாற்காலிகள் எல்லாம் அரிய பொருள்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை யாராவது உட்கார்ந்துகொண்டே இருந்தால் என்னத்துக்கு ஆகும்? இரண்டு நாற்காலியில் இப்போதே மூட்டு ஆடுகிறது. நான் தூங்காமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நாற்காலிகளைச் சுற்றி அழகான சிவப்புக் கயிறு கட்டி, ‘தயவுசெய்து அமர வேண்டாம்’ என்று போர்டு வைத்துவிடுவது. குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் ஒப்பந்தத்தையும் நீட்டித்துவிட்டார்கள்.

என்ன அக்கா? கயிறு எப்போது கட்டப் போகிறார்கள் என்றா கேட்கிறீர்கள்? அடுத்த மாதம் கட்டிவிடுவார்கள். இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. உங்களைப்போல் அக்கறை உள்ள வாடிக்கையாளர்கள் இருந்தால் எந்தக் கட்டடத்தையும் காப்பாற்றிவிடலாம். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வாத்தலை வந்துவிட்டது போலிருக்கிறது. இந்தாருங்கள் பை. என்ன, உள்ளே டிபன் பாக்ஸ்தான் ஆடுகிறது, துணி எதுவும் எடுக்கவில்லையா இன்றைக்கு? சரி சரி, பார்த்துப் போங்கள்.

அக்கா, ஒரு நிமிஷம். இதைச் சொல்லாமல் விட்டால் என் மனது கேட்காது. அந்த ஆணி எப்போது அடித்தது என்று பிறகு நான் விசாரித்தேன். அறிக்கையை மறுபடி அச்சடிக்கிறார்கள், அதனால் கதிரேசனிடமே போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். “அந்தச் சட்டம் வந்தப்பதாம்பா அடிச்சேன். பலகை இருந்தா, எடம் குடுத்திருக்கோம்னு லேபர் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டிக்கலாம். ஆணி இல்லேன்னா இவங்க நெஜமாவே உட்கார்ந்துருவாங்கல்ல?” ஆரம்ப காலத்து ஆணி என்று நான் எழுதியது தப்பு. தப்பு என்று தெரிந்த பிறகு விட்டுவைக்கிற ஆள் இல்லை நான். மறுபதிப்பில் வருடத்தைத் திருத்திவிட்டேன். ஆணிகள் உள்ளது உள்ளபடி இருக்கின்றன.